போர்டிகோவுக்கு நாலு தூண்

ஜனவரி 25, சனி

சிமெண்ட் கடைக்காரர் ஓசியில் கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு மூட்டைப் படம். ஐம்பத்திரண்டு வயதில் முதல் முறையாக டைரி எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீடு கட்டுகிறவன் அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வைக்காவிட்டால் கொத்தனார் நம் தலையில் மிளகாய் அரைத்துவிடுவான் என்று ஆபீஸில் சொன்னார்கள்.

இன்று வாஸ்து நாள். காலையில் பூமி பூஜை முடிந்தது. மனை தென்காசிக்கு வெளியே, நாலு சென்ட். என் மனைவி உலகம்மாளுக்கு அவள் பங்காக அவளுடைய அண்ணன் எழுதிக் கொடுத்தது. மனை யார் பெயரில் இருந்தால் என்ன, கட்டுகிறவன் நான்தானே.

ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. உலகம்மாளுக்கு ஒரு தையல் அறை, பன்னிரண்டுக்குப் பத்து, தெருவைப் பார்த்துத் தனிக் கதவு. இருபது வருஷமாக வாடகை வீட்டு வராந்தாவில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். பிளானைக் காட்டியபோது அவள் கேட்டது அந்த ஒரு அறையைத்தான். நான் கேட்டது முன்னால் ஒரு போர்டிகோ, நாலு உருண்டைத் தூணோடு.

இசக்கி கொத்தனார் சாமான், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே விலை பேசி முடித்துவிடுவோம் என்றான். நடுவில் என்ன ஏறினாலும் அது அவன் பாடு. உலகம்மாளும் அதுதான் நல்லது என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூலி மட்டும்தான் அவனுக்கு. சாமானெல்லாம் நானே வாங்கிப் போடுவேன். மூட்டைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று அவன் அடிக்கத் திட்டம் போட்டிருப்பது முகத்திலேயே தெரிந்தது. இருபத்தெட்டு வருஷம் வீடு வீடாக ஏறிக் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். என்னிடம் நடக்குமா?

ஜனவரி 30, வியாழன்

கம்பி விலை கேட்டேன். இறங்கும் என்று சகலை குத்தாலிங்கம் சொன்னார். காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காத்திருந்தவன் தலையில் இடி. கம்பி டன்னுக்கு நாலாயிரம் ஏறிவிட்டது. கடைக்காரரிடம் போன மாத விலையைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, போன மாதமே எடுத்திருக்கலாமே அண்ணாச்சி என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் போட்டிருப்பேன்.

வேறு வழியில்லாமல் எடுத்தேன். எங்காவது கையைக் குறுக்க வேண்டுமே. தையல் அறையில் இரண்டு அடி குறைக்கச் சொன்னேன். பத்துக்குப் பத்து போதும், ஒரு மிஷினுக்கு மைதானமா வேண்டும்? உலகம்மாள் தோசை சுட்டுக்கொண்டே கேட்டாள். சரி என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. இன்று மலையான் தெருவில் நூற்று நாற்பது வீடு. மீட்டர் எப்போதும் வீட்டு முன்பக்கம்தான் இருக்கும், யாரும் நம்மை உள்ளே கூப்பிடுவதில்லை. இந்த ஊரில் எந்த வீட்டு முகப்பு எப்படி என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். போர்டிகோ இல்லாத வீடு பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.

குத்தாலிங்கம் இலஞ்சியில் கட்டியிருப்பதில் இரண்டு தூண். உலகம்மாளுடைய அக்காவைக் கட்டியவர், உரக் கடை வைத்திருக்கிறார். பால் காய்ச்சு விழாவில் அத்தனை பேர் முன்னிலையில் என்னைப் பார்த்து, "மீட்டர் அந்தா இருக்கு சகல, வந்ததுதான் வந்தீய, பாத்துட்டுப் போயிருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

மார்ச் 8, சனி

பேஸ்மட்டம் முடிந்தது. சனிக்கிழமை கூலியை உலகம்மாள் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறாள். தையல் காசு எப்படியும் சும்மா கிடப்பதுதானே. என் சம்பளமும் பி.எஃப். லோனும் சாமானுக்கே காணவில்லை.

மார்ச் 19, புதன்

எம்-சாண்ட் மணல் லாரி ஓடவில்லை. குவாரிக்காரர்களுக்கு ஏதோ பிரச்சினையாம். மூன்று நாளாக இசக்கி வேறு வேலைக்குப் போய்விட்டான். போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தால், மண்ணு வரட்டும் அண்ணாச்சி, நான் வராம எங்க போவேன் என்கிறான்.

வீட்டு சிலிண்டரும் இன்றே தீர்ந்தது.

மார்ச் 27, வியாழன்

லாரி வந்தது. யூனிட்டுக்கு ஆயிரத்துக்கு மேல் கூட்டிவிட்டார்கள். டிரைவர் இறங்கிய உடனே டீக்குக் காசு கேட்டான். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பக்கத்து மனைக்காரருக்கு இதைவிட அதிகம் என்று ஆறுதல் சொன்னான். அடுத்தவன் வயிறு எரிந்தால் என் வயிறு குளிர்ந்துவிடுமா?

ஏப்ரல் 12, சனி

மர விலையைக் கேட்டுவிட்டு மரக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிலை எடுக்க வேண்டும், ஒன்று தலைவாசலுக்கு, ஒன்று தையல் அறைக்கு. அந்த விலைக்கு இரண்டு முடியாது. தலைவாசலுக்கு மட்டும் தேக்கில் எடுத்தேன். தலைவாசலில் கஞ்சத்தனம் பார்க்க முடியுமா, நாலு பேர் வந்து நிற்கிற இடம்.

தையல் அறைக்குத் தெருப் பக்கம் கதவு வேண்டாம், ஹால் வழியாகப் போய்வரலாம் என்று இசக்கியிடம் சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுதான். தெருவைப் பார்த்துக் கதவு வைத்தால் கடை ஆகிவிடும், கரண்ட் சார்ஜ் கடை ரேட்டில் வரும். எங்கள் ஆட்களே வந்து எழுதிவிட்டுப் போவார்கள். உலகம்மாளிடம் சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

நிலை வைத்தோம். நவதானியம், காசு, பால் எல்லாம் முறையாக நடந்தது. உலகம்மாள் கதம்ப மாலை இரண்டு வாங்கி வந்திருந்தாள். ஒரு நிலைதானே இருக்கிறது என்று கேட்டாள். அப்போதுதான் சொன்னேன். கரண்ட் சார்ஜ் விஷயத்தையும் விளக்கினேன். ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் இரண்டு மாலையையும் அந்த ஒரே நிலையில் கட்டினாள். நிலை நிறைந்து பார்க்க நன்றாக இருந்தது.

மத்தியானம் தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வெயில்தான்.

மே 6, செவ்வாய்

சிமெண்ட் மூட்டைக்கு முப்பது ரூபாய் ஏற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் இன்னும் ஐம்பது ஏறும் என்று ஊரெல்லாம் பேச்சு. கம்பியில் பட்டது போதும். இந்தத் தடவை ஏமாற மாட்டேன்.

மே 8, வியாழன்

எண்பது மூட்டை சிமெண்டை ஒரே லோடாக இறக்கிவிட்டேன். மனையில் வைத்தால் திருட்டுப் போகும். வாடகை வீட்டு வராந்தாவில்தான் அடுக்கினோம். மிஷினைச் சமையலறைக்கு மாற்றினேன். துணி வெட்டுகிற மேசையை அடியில் போட்டு ஒரு பாதியை அதன் மேல் ஏற்றினேன், மீதியைத் தரையில் சுவரோடு சாய்த்தேன்.

இசக்கி வந்து பார்த்துவிட்டு, தரையில் போடாதீங்க, பலகை அடிச்சு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்கணும், நம்ம ஊர்ச் சாரல் பொல்லாதது என்றான். பலகைக்கு வேறு காசு பிடுங்கப் பார்க்கிறான். தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன், அது போதும்.

மே 15, வியாழன்

உலகம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் சிமெண்ட் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து வருகிறார்கள். கொஞ்சம் பெருத்த பெண்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு மாதம்தானே.

மே 24, சனி

வீட்டில் ஒரே ரகளை. கீழப்பாவூர்க் கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட்டில் சிமெண்ட் தூள். மெரூன் பட்டு. உலகம்மாள் ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். துடைத்த இடமெல்லாம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. பெண்ணின் அம்மா வாசலில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிப் பேசிவிட்டுப் போனாள். உலகம்மாள் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கிறேன் என்றாள். நான் அந்த அம்மாளிடம், வீடு கட்டுகிற இடத்தில் தூசி இருக்கத்தான் செய்யும் என்று சொல்லப் போனேன். உலகம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்விட்டேன்.

அத்தனைக்கும் பிறகு மாலையில் இசக்கிக்குக் கூலி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

உலகம்மாள் செவ்வாய்தோறும் கோயிலுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். நல்லதுதான், வீடு நல்லபடியாக முடிய வேண்டுமே. திருநீறு கேட்டேன். வாங்க மறந்துவிட்டேன் என்றாள்.

ஜூன் 14, சனி

சாரல். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது, ஊரெல்லாம் கார் காராக வந்து இறங்குகிறது. மற்றவர்களுக்குச் சீசன், எனக்கு வேலை நின்றுவிட்டது. சுவர் மூன்று பக்கம் லிண்டல் மட்டத்துக்கு, கதவு உயரத்துக்கு, வந்துவிட்டது. தையல் அறைச் சுவர் இடுப்பு உயரத்தில் நிற்கிறது. தூண்களுக்குக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 28, சனி

மழை விட்டது என்று மூட்டையை எடுக்கப் போனோம். இசக்கி முதல் மூட்டையைத் தூக்கினான், வைத்தான். இரண்டாவதைக் காலால் தட்டினான். பிறகு தார்ப்பாயை மொத்தமாக விலக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

சுவரோடு சாய்த்தது, தரையில் கிடந்தது எல்லாம் கல். சுவர் வழியாக ஈரம் இறங்கியிருக்கிறது. முப்பத்தெட்டு மூட்டை. ஏற்கெனவே எடுத்தது போக, துணி மேசை மேல் இருந்த இருபத்திரண்டுதான் தேறும். விலை ஏறுவதற்குள் வாங்கி மிச்சம் பிடிக்கப் பார்த்தவனுக்கு இது தேவையா? எனக்கு அழுகை வந்துவிட்டது. இசக்கி ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவனைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

உலகம்மாள் அந்தக் கல் மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். மேசையைக் காலி செய்தவுடன் சொல்லுங்கள் என்றாள்.

ஜூலை 5, சனி

வராந்தா காலி. மேசை நடுவில் வளைந்துவிட்டது. அதை ஆள் வைத்து எங்கேயோ சரி செய்யக் கொண்டுபோனாள். இன்னும் திரும்பி வரவில்லை. மிஷினைத் திரும்ப வராந்தாவில் போடவா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றாள்.

ஜூலை 12, சனி

இதை எழுதவே பிடிக்கவில்லை.

மாலையில் மனையில் நின்றிருந்தோம். இசக்கி கேட்டான்: "அண்ணாச்சி, இருக்க சிமெண்டுக்கும் செங்கலுக்கும் ஒண்ணுதான் ஆவும். தூண எழுப்பணுமா, அக்கா ரூம எழுப்பணுமா? புதுசா எடுக்கதுன்னா இன்னைக்கு என்ன விலைன்னு நீங்களே கேட்டுக்கிடுங்க."

உலகம்மாள் கூலிப் பணத்தோடு அப்போதுதான் வந்து சேர்ந்தாள். எனக்குப் பின்னால் நின்றது தெரியும். நான் தூண் என்றேன். தூண் போட்டால்தான் போர்டிகோ, போர்டிகோ இருந்தால்தான் அது வீடாகத் தெரியும். அறையை எப்போது வேண்டுமானாலும் எழுப்பிக்கொள்ளலாம். விலை இறங்கட்டும், முதல் வேலையாக அதுதான் என்று விளக்கமாகச் சொன்னேன்.

அவள் இசக்கியிடம் பணத்தைக் கொடுத்தாள். "எண்ணிக்கோ இசக்கி. அடுத்த வாரத்துல இருந்து அண்ணாச்சிதான் தருவாவ" என்றாள். பிறகு என்னிடம், "பஜார்ல ஒரு கடை பிடிச்சிருக்கேன். ஆடி பொறக்கதுக்கு முன்னால, திங்கக்கெழம பால் காய்ச்சுதேன். நேரம் இருந்தா வாங்க" என்றாள்.

எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் என்றாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. அழுதிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூலை 14, திங்கள்

போகவில்லை. ரீடிங் இருந்தது.

பஜார்ப் பக்கம் ஒரு வேலை இருந்ததால் அந்த வழியாக வர நேர்ந்தது. எதிர்வரிசையில் பழக்கடை நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன். சின்னக் கடைதான், ஆனால் வாசல் அகலம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். கீழப்பாவூர் அம்மாள்கூட வந்திருந்தாள். உலகம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் நான் அதைப் பார்த்த ஞாபகம் இல்லை.

ஜூலை 26, சனி

தூண் நாலும் எழும்பிவிட்டன. உருண்டையாக, வழவழவென்று. மேலே கான்கிரீட் போடச் சிமெண்டும் இல்லை, கம்பியும் இல்லை. கூலி கொடுக்க என்னிடம் முழுதாக இல்லை. பாதி கொடுத்தேன். இசக்கி வாங்கிக்கொண்டு, இனி ஆவணியில பாத்துக்கிடுவோம் என்று மண்வெட்டி, கரண்டி எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டான்.

பக்கத்து மனைக்காரர் வந்து, என்ன அண்ணாச்சி, மண்டபம் கட்டுதியளா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் எட்டரைக்கு உலகம்மாள் போனால் இரவு ஏழரைக்குத்தான் வருகிறாள். மத்தியானத்துக்கு எடுத்து மூடி வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு குறையும் இல்லை. இன்று சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டில் என்னவோ இல்லை என்று பட்டது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். மிஷின் சத்தம் இல்லை. இருபது வருஷம் அந்தக் கடகடவில் தூக்கம் போகிறது என்று சண்டை போட்டவன் நான். இன்று மத்தியானம் தூக்கமே வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குத்தாலிங்கம் மனையைப் பார்க்க வந்தார். நாலு தூணையும் சுற்றி வந்தார், ஒன்றைத் தட்டிப் பார்த்தார். "தூணெல்லாம் பிரமாதமா இருக்கு சகல. வீடு எங்க?" என்றார்.

 எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் மேல் இல்லை. அவர் போன பிறகு தூணுக்கு நடுவில் நின்று பார்த்தேன். இடுப்பு உயரத்தில் விட்ட அந்தச் சுவர் தெரிந்தது. அதற்குள் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பைக்கை விற்றுவிட்டேன். ஆபீஸில் ஒருவரிடம் பழைய சைக்கிள் இருந்தது, ரீடிங்குக்கு அது போதும்.

ஆகஸ்ட் 9, சனி

ஆடி என்று இசக்கி இழுத்தான். புது வேலைக்குத்தானே ஆடி ஆகாது, பாதியில் நின்றதற்கு என்ன என்று கூட்டிவந்துவிட்டேன். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் சுவரை எழுப்பு, போர்டிகோவை அறையாக்கு, தெருப் பக்கம் அகலமாக ஒரு கதவு வை என்றேன். அவன் திரும்பக் கேட்டான். திரும்பச் சொன்னேன். அப்போ முகப்பு, என்றான். முகப்பு வேண்டாம் என்றேன். இதைச் சொல்லும்போது ஏதோ பல்லைப் பிடுங்கின மாதிரி இருந்தது. பிடுங்கின பிறகு வலி இல்லை.

உலகம்மாளிடம் சொல்லவில்லை. முடிந்த பிறகு கூட்டிப்போய்க் காட்டலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

சுவர் முடிந்தது. பதினாலுக்குப் பத்து, முதல் பிளானைவிடப் பெரிது. மேலே கூரைக்கு இப்போதைக்குத் தகரம் போதும். பொறுக்க முடியாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைக்கே போனேன். முதல் தடவையாக உள்ளே போனேன். ஒரே ஒரு ஸ்டூல், அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன்.

உலகம்மாள் மிஷினை நிறுத்தினாள். "கதவு எந்தப் பக்கம்?" என்றாள்.

"தெருப் பக்கம்."

"அகலமா?"

"அகலமாத்தான்."

ஊசியில் இருந்த நூலைக் கத்தரித்தாள். பிறகு, "நல்ல காரியம் செஞ்சீய" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்ததாகச் சொன்னாள்: "வாடகைக்கு விட்டா ஒடனே ஆள் வரும். இசக்கி கூலிக்கு ஆச்சு."

நீ வரமாட்டாயா என்று கேட்டேன். இங்கே மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகவும், பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் எடுத்திருப்பதாகவும், இன்னொரு மிஷின் வாங்கப்போவதாகவும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கெடுக்க வந்தவனிடம் விவரம் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள். ஸ்டூலில் இருந்த பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்காரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எதிர்காற்று. தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

ஆகஸ்ட் 23, சனி

சிமெண்ட் கடைக்காரர் தானாகவே போன் செய்தார். மூட்டைக்கு நாற்பது ரூபாய் இறங்கிவிட்டதாம், கம்பியும் கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம், இப்போது எடுத்தால் ஹால் கூரையைப் போட்டுவிடலாமாம். ஏழு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கிடந்தேன். வந்தபோது சந்தோஷம் வரவில்லை. விலை ஏறியது என்று சொல்லித்தான் அவளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கினேன். இறங்கிவிட்டது, எதை எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

எத்தனை மூட்டை அனுப்பட்டும் என்று கேட்டார். வீட்டுக்காரியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்படின்னா அக்கா நம்பரக் குடுங்க அண்ணாச்சி, நானே கேட்டுக்கிடுதேன்" என்றார்.

கொடுத்தேன்.